பேப்பர் சார்ட் நின்னுபோச்சு, சின்னப் பாய்ப்படகுக்கு இனி எது? (சான் பிரான்சிஸ்கோ விரிகுடா)

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 2, 2025

20 அடிப் பாய்ப்படகு ஒண்ணு பழசா வாங்கி, விரிகுடாவுல ஓக்லண்டுக்கு எதிரே இருக்கற அலமீடால நிறுத்தியிருக்கேன். போன்ல ஒரு சார்ட் (கடல் வரைபடம்) ஆப் போட்டாச்சு. நீலம், வெள்ளை, நம்பர், மிதவை எல்லாம் பளிச்சுனு தெரியுது. கிளப்ல ஒரு பெரியவர், பேப்பர் சார்ட் இல்லாம எஸ்சுவரியை (அலமீடாவுக்கும் ஓக்லண்டுக்கும் நடுவுல இருக்கற கால்வாய்) தாண்டாதேங்கறார். கடைல போய்க் கேட்டா, அரசாங்கமே நிறுத்திடுச்சுங்கறாங்க. யார் சொல்றது சரி? ஆப் போதும்னுதான் எனக்குத் தோணுது.

மார்ச் 2, இரவு 10.20

கடைக்காரர் சொன்னது சரி. அமெரிக்க அரசாங்கம் சார்ட் அச்சடிச்சு விக்கறதை 2014 ஏப்ரல்லயே விட்டுடுச்சு. அதுக்கப்புறம் கேட்டவங்களுக்கு மட்டும் தனியார் கடைங்க அச்சடிச்சுக் கொடுத்துட்டு இருந்தாங்க. 2019 நவம்பர்ல நோவா (சார்ட் தயாரிக்கற அமெரிக்க அரசு அமைப்பு) அடுத்த அறிவிப்பு விட்டது: பழைய பாணி சார்ட்டைப் புதுப்பிக்கறதையே படிப்படியா நிறுத்தப் போறோம்னு. பகுதி பகுதியா ரத்து பண்ணிட்டே வந்து 2025 ஜனவரியோட கதை முடிஞ்சது. நம்ம விரிகுடா வாசலுக்கு இருந்த 18649ம் போச்சு. இங்க பாய் விரிக்கிற பழைய ஆளுங்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம்.

இப்ப அதிகாரபூர்வமா இருக்கறது ஈ.என்.சின்னு சொல்ற எலெக்ட்ரானிக் சார்ட் மட்டும்தான். நோவா தளத்துல இலவசம். வாரா வாரம் திருத்தம் வரும். லேப்டாப்ல ஓபன்சிபிஎன்ங்கற சாஃப்ட்வேர் போட்டு (அதுவும் இலவசம்) அதுல இறக்கிக்கலாம். உங்க ஆப்ல தெரியற நீலமும் பெரும்பாலும் இதே சரக்குதான், வேற சாயம் பூசியிருப்பாங்க.

ஆப் போதுமாங்கற கேள்விக்கு நாளைக்கு வர்றேன். தூக்கம் வருது.

மார்ச் 3, காலை 7.05

முதல்ல ஒரு விஷயம். பொழுதுபோக்குப் படகுல சார்ட் வச்சிருக்கணும்னு இங்க மத்திய சட்டம் எதுவும் இல்ல. 12 மீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து விதிப் புத்தகம் வச்சிருக்கணும், அவ்வளவுதான். அதனால பெரியவர் சொல்றது சட்டம் இல்ல, பழக்கம். பழக்கம்ங்கறதால தள்ளிடவும் வேண்டாம்.

மார்ச் 3, மதியம் 1.30

பேப்பர் வேணும்னா வழி இருக்கு. நோவா தளத்துலயே கஸ்டம் சார்ட்னு ஒண்ணு இருக்கு. எந்த இடம் நடுவுல வரணும், என்ன ஸ்கேல், எந்தப் பேப்பர் அளவு, ஆழம் அடியிலயா மீட்டர்லயான்னு சொன்னா ஈ.என்.சி-ல இருந்து பி.டி.எஃப் பண்ணிக் கொடுக்கும். காசு கிடையாது.

நான் வச்சிருக்கறது ரெண்டு. 24க்கு 36 இன்ச் தாள்ல 1:40,000: கோல்டன் கேட்ல இருந்து பெர்க்லி வரைக்கும், வடக்கே ரிச்மண்ட் பாலம், தெற்கே பே பிரிட்ஜைத் தாண்டி உங்க எஸ்சுவரி வரைக்கும் ஒரே தாள்ல வந்துடும். இன்னொண்ணு 11க்கு 17ல 1:20,000, பெர்க்லி பக்கத்துக்கு மட்டும். அது ஆபீஸ் பிரிண்டர்லயே வரும். ஆபீஸ்ல அடிச்சேன்னு நான் சொல்லல.

கவனிக்க வேண்டியது: 1:5,000னு கேட்டாலும் அந்த மெஷின் கொடுக்கும். கேக்கறதால புதுசா ஆழம் அளந்து வந்துடாது. மூல ஈ.என்.சி 1:40,000க்கு எழுதினதா இருந்தா அதே நம்பரைத் தள்ளித் தள்ளி வச்சுக் காட்டும். நடுவுல இருக்கற வெத்து இடத்தைப் பாத்து இங்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கக் கூடாது.

மார்ச் 3, இரவு 9.50

ஆப் போதுமா? பேப்பரா போனாங்கற சண்டையில எனக்குப் பெரிய ஆர்வம் இல்ல. இந்த ஆழத்தை யார், எப்ப, எதை வச்சு அளந்தாங்கன்னு நீங்க பாக்கறீங்களா இல்லையாங்கறதுதான் விஷயம். அது பேப்பர்லயும் உண்டு, ஈ.என்.சி-லயும் உண்டு. நிறைய ஆப்ல அது எங்கயோ நாலாவது மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இல்லைன்னா இருக்கவே இருக்காது.

ஏன் சின்னப் படகுக்காரன் இதைப் பாக்கணும்? கப்பல் போற கால்வாயை வருஷா வருஷம் அளப்பாங்க. ஓக்லண்டுக்கு வர்ற கன்டெய்னர் கப்பலுக்கு 50 அடி வேணும், அரை அடி குறைஞ்சாலும் துறைமுகத்துக்குக் காசு நஷ்டம். நாம அந்தக் கால்வாயில போறதில்ல, போனாலும் கப்பலுக்கு வழி மறிக்கக் கூடாது, விதிப் புத்தகத்துல விதி 9 அப்படி. கால்வாய்க்குப் பக்கத்துல ஏழெட்டு அடி ஆழத்துல போவோம். அந்த ஏழெட்டு அடி இருக்கற இடத்துக்குக் கப்பல்காரனுக்கு அக்கறை இல்ல, அதனால அளக்கறவனுக்கும் அவசரம் இல்ல. அமெரிக்க சார்ட்ல இருக்கற ஆழ விவரத்துல கிட்டத்தட்டப் பாதி 1940க்கு முன்னாடி அளந்ததுன்னு நோவாவே சொல்லியிருக்கு. 1940க்கு முன்னாடின்னா பெரும்பாலும் கயித்துல ஈயக்குண்டு கட்டி, படகுல இருந்து இறக்கிப் பாத்த கணக்கு. குண்டு விழுந்த இடத்துல ஆழம் சரியாத்தான் இருக்கும். ரெண்டு குண்டுக்கு நடுவுல என்ன இருந்துச்சுங்கறது குண்டு போட்டவனுக்கும் தெரியாது.

சார்ட்டோட நம்பிக்கை குறைவா இருக்கற இடத்துலதான் நம்ம வண்டி ஓடுது. பேப்பரா போனாங்கறது அதுக்கப்புறம் வர்ற கேள்வி.

மார்ச் 4, காலை 6.40

எங்க பாக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஈ.என்.சி-ல கேட்ஜாக்னு ஒரு தகவல் இருக்கும், அந்த இடத்து அளவையை எவ்வளவு நம்பலாம்ங்கற தரக் குறி. ஓபன்சிபிஎன்ல தரத் தகவலைக் காட்டுன்னு ஆன் பண்ணினா திரை முழுக்க நட்சத்திரக் குறியா வரும். ஆறு நட்சத்திரம்னா ஏ1: இடம் கிட்டத்தட்ட 5 மீட்டருக்குள்ள சரி, ஆழம் அரை மீட்டரோட ஆழத்துல நூத்துல ஒரு பங்கு சேத்து அந்த அளவுக்குள்ள சரி. நாலு நட்சத்திரம் பி: இடம் 50 மீட்டர் வரை, ஆழம் ஒரு மீட்டருக்கு மேல தப்பலாம். மூணு நட்சத்திரம் சி: இடம் 500 மீட்டர் வரை தள்ளி இருக்கலாம், ஆழம் ரெண்டு மீட்டருக்கு மேலயும் தப்பலாம். அதுக்குக் கீழ டி. யூன்னு போட்டிருந்தா மதிப்பிடவே இல்லைன்னு அர்த்தம்.

சி-ல 500 மீட்டர்ங்கறதை நிதானமா யோசிங்க. உங்க ஜி.பி.எஸ் 3 மீட்டர் துல்லியத்துல நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லும். பாறை எங்க இருக்குன்னு சார்ட் 500 மீட்டர் துல்லியத்துல சொல்லும். ரெண்டையும் ஒரே திரையில போட்டுக் காட்டினா கண்ணுக்கு ரெண்டும் ஒரே நம்பிக்கையோட தெரியும்.

நட்சத்திரத்தை எப்பவும் ஆன்ல வைக்க முடியாது, திரை கல்யாணப் பந்தல் மாதிரி ஆயிடும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அணைச்சுடுங்க.

மார்ச் 4, மதியம் 12.15

ஒருத்தர் நக்கலா எழுதியிருக்கார்: "டெப்த் சவுண்டர் இருக்கே, அது போதாதா?" சவுண்டர்ங்கறது படகுல இருக்கற ஆழமானி. அது படகுக்கு அடியில இருக்கறதைச் சொல்லும், முன்னாடி இருக்கறதைச் சொல்லாது. மெல்ல சாயற சேத்துத் தரைன்னா அது போதும். நட்டு வச்ச மரத்தூணுக்கு அது எதுக்கும் ஆகாது. தூண்னு சும்மா சொல்லல, பெர்க்லில நிஜமாவே இருக்கு. ராத்திரி எழுதறேன்.

மார்ச் 4, இரவு 11.10

பெர்க்லி பியர் (தண்ணிக்குள்ள நீட்டிக் கட்டின படகுத்துறை) கதை. பே பிரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி கார் ஏத்திட்டுப் போற ஃபெரி ஓடிட்டு இருந்த காலம். பெர்க்லி கரையில ஆழம் இல்லாததால 1926ல ஆரம்பிச்சு விரிகுடாவுக்குள்ள மூணு மைலுக்கு மேல மரப்பாலமாவே கட்டிட்டே போனாங்க. காரு பாலத்து மேலயே நடுத் தண்ணி வரைக்கும் போய் ஃபெரில ஏறும். 1936ல பே பிரிட்ஜ் திறந்தாச்சு, அடுத்த வருஷமே ஃபெரி நின்னுது. கரைப்பக்கம் கொஞ்ச தூரத்தை மீன் பிடிக்கறவங்களுக்காக ரொம்ப நாள் வச்சிருந்தாங்க, 2015ல அதையும் பாதுகாப்பு இல்லைன்னு மூடிட்டாங்க. மிச்சமெல்லாம் அப்படியே தண்ணியில அழுகிட்டு நிக்குது. சில தூண் மேல தெரியும், சில தூண் கொஞ்சம்தான் தெரியும், சிலது தெரியவே தெரியாது.

சார்ட்ல பாத்தா கரையில இருந்து மேற்கே ஒரு நீளக் கோடு, பக்கத்துல சின்ன எழுத்துல இடிபாடுன்னு இருக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் போட்டிருக்கற ஆழம் ஒண்ணும் பயமுறுத்தாது. ஆழத்தை மட்டும் பாத்துப் போறவனுக்கு அங்க தடையே இல்ல. சாயங்காலம் மேற்கு வெயில் நேரா கண்ணுல அடிக்கும்போது, பாய் ஒரு பக்கத்தை மறைச்சுட்டு நிக்க, அந்தத் தூண் வரிசையைத் தேடிப் பாருங்க, அப்பத் தெரியும். என் படகு நிக்கறது பெர்க்லி மரீனால. பியர் அதுக்குத் தெற்கே. நகரத்துப் பக்கம் போகணும்னா ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கு போட்டே ஆகணும்.

நம்பரை மட்டும் படிக்காதீங்க, எழுத்தையும் குறியையும் படிங்க. குறிகளுக்கெல்லாம் சார்ட் நம்பர் 1னு ஒரு புத்தகம் இருக்கு. பேர்தான் சார்ட், உள்ள முழுக்க அகராதி. இலவச பி.டி.எஃப். முழுசா படிக்க வேண்டாம். பாறை, மூழ்கின கப்பல், தடை, இந்த மூணு பக்கத்தை மட்டும் பாத்தா போதும்.

மார்ச் 6, காலை 7.20

இப்ப ஓதத்துக்கு, அதாவது கடல் ஏறி இறங்கறதுக்கு வர்றேன். இங்க ஆழம் எழுதியிருக்கறது எம்.எல்.எல்.டபிள்யூ-ல இருந்து. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் வத்தும்ல, அதுல அதிகமா வத்தற தடவையோட சராசரி. சராசரிங்கறதை விட்டுடாதீங்க. சராசரிக்குக் கீழயும் போகும். டிசம்பர், ஜனவரிலயும் மே, ஜூன்லயும் மைனஸ் ஒண்ணு, ஒண்ணரை அடி வரைக்கும் இங்க சாதாரணமாப் போகும்.

கணக்குப் போடுங்க. சார்ட்ல 6 அடி. அன்னிக்கு மைனஸ் ஒண்ணரை. மிச்சம் நாலரை. என் கீல் (படகுக்கு அடியில தண்ணிக்குள்ள நீட்டிட்டு இருக்கற பகுதி) 4 அடி. அரை அடி இருக்கேன்னு சந்தோஷப்படலாம். ஆனா மத்தியானம் கோல்டன் கேட் வழியா காத்து உள்ள பாயும். பெர்க்லி பக்கம் அது நேரா வந்து சேரும்போது ரெண்டு மூணு அடி அலை எழுப்பியிருக்கும். அலையோட பள்ளத்துல படகு இறங்கும்போது ஒரு அடிக்கு மேல போயிடும். அரை அடில இருந்து ஒரு அடியைக் கழிச்சா தரை. சேறுதான், ஒண்ணும் உடையாது, ஆனா கீல் தட்டற சத்தம் வயித்தைக் கலக்கும்.

பாலத்து உயரத்துக்கு வேற கணக்கு, அது சராசரி உயர் ஓதத்துல இருந்து. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. உங்க 20 அடிப் படகு மாஸ்ட்டுக்குப் பே பிரிட்ஜ் ஒரு பொருட்டே இல்ல, ஆனா அலமீடாவுக்கும் ஓக்லண்டுக்கும் நடுவுல இருக்கற தூக்குப் பாலங்களுக்குப் பொருட்டு.

(இந்த ஊர் ஓதக் கணக்கை மட்டும் கண்ணை மூடிட்டு நம்பலாம். கோல்டன் கேட் பக்கம் 1854ல இருந்து விடாம அளந்துட்டு வர்றாங்க, மேற்கு அரைக்கோளத்துலயே இவ்வளவு நீளமான பதிவு வேற இல்ல.)

மார்ச் 6, மாலை 5.45

சென்னைல இருந்து ஒரு நண்பர்: "அமெரிக்கால எல்லாம் ஓசி, இங்க?" இங்க வரிப்பணத்துல அளந்தது எல்லாருக்கும் சொந்தம்னு ஒரு கொள்கை, அதனால இலவசம். நியூசிலாந்தும் தன் சார்ட்டை இலவசமா இறக்கிக்க விடுது. இந்தியக் கடலுக்கு அளக்கறதும் வெளியிடறதும் டேராடூன்ல இருக்கற கடற்படை நீரளவியல் அலுவலகம். கடல் இல்லாத மலையடிவாரத்துல கடல் ஆபீஸ், அது தனி வேடிக்கை. அவங்க சார்ட், ஈ.என்.சி ரெண்டும் காசு கொடுத்து வாங்கணும்.

நீங்க பாக் நீரிணைப் பக்கம் போறதா எழுதியிருக்கீங்க. ராமர் பாலத்து மணல் திட்டு இடம் மாறிட்டே இருக்கறது. அங்க நேத்து யார் அளந்திருந்தாலும் போற அன்னிக்கு ராமேஸ்வரத்துல ஒரு மீனவரைக் கேட்டுட்டுப் போறதுதான் புத்தி. மேல சொன்ன அதே நியாயம்தான்: ஆழமில்லாத இடம், கப்பல் வராத இடம்.

மார்ச் 8, காலை 8.00

கேள்வி கேட்டவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டிருக்கார். அதுல பாதுகாப்பு ஆழம் 2 மீட்டர்னு வச்சிருக்கார், ஆனா 3 மீட்டர் ஆழ இடமும் அடர் நீலத்துல வருதாம், ஆப் கெட்டுப் போச்சோன்னு கேக்கறார். கெடல. ஈ.என்.சி-ல நீங்க கேட்ட ஆழத்துல கோடு இருந்தாத்தான் அங்க நிறம் மாறும். இல்லைன்னா அதுக்கு அடுத்த ஆழமான கோட்டை எடுத்துக்கும். இங்க கோடெல்லாம் பழைய அடிக்கணக்குல இருந்து மாத்தினது: 6 அடி 1.8 மீட்டர் ஆச்சு, 12 அடி 3.6 ஆச்சு. நீங்க 2னு சொன்னா 1.8 பத்தாது, அதனால 3.6க்குத் தாவிடும். 1.8னு வச்சுப் பாருங்க, திரையில பாதி நீலம் வெள்ளையாயிடும்.

அப்படி வைக்காதீங்க. நீலம் நிறைய இருக்கறதே நல்லது. சின்னப் படகுக்காரங்க நீலத்துக்குள்ள போகாம இருக்க முடியாது, ஆனா உள்ள போறோம்னு தெரிஞ்சு போகலாம்.

மார்ச் 8, இரவு 10.30

ஜூம் பத்தி யாருமே கேக்கலியேன்னு பாத்துட்டு இருந்தேன், நானே சொல்லிடறேன். 2014 நவம்பர் 29, வோல்வோ ஓஷன் ரேஸ். வெஸ்டாஸ் அணியோட படகு, உலகத்துலயே தேர்ந்த ஆளுங்க, எல்லாக் கருவியும் உண்டு. மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ்னு பல மைல் நீளத்துக்கு ஒரு பவளப்பாறைத் திட்டு. ராத்திரில 19 நாட் வேகத்துல நேரா அதுமேல ஏறிட்டாங்க. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல, அது புண்ணியம். விசாரணையில தெரிஞ்சது: அவங்க பாத்த ஜூம் அளவுல திட்டு திட்டாத் தெரியல. அங்க ஆழம் குறையுது, ஆனா நாப்பது மீட்டருக்குக் கீழ போகாதுன்னு நினைச்சிருந்தாங்க. கிட்ட இழுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

எலெக்ட்ரானிக் சார்ட் அப்படித்தான் கட்டியிருக்கு. தூரத்துல இருந்து பாக்கும்போது குப்பையா இருக்கக் கூடாதுன்னு சிலதை மறைச்சுடும். எதை மறைக்கணும்னு சார்ட் பண்ணறவங்களே குறிச்சு வச்சிருப்பாங்க. பேப்பர்ல இந்தக் கண்ணாமூச்சி இல்ல: தாள்ல இருக்கறது எப்பவும் இருக்கும்.

அதனால பாதை போட்டதும் அதுமேலயே கிட்ட இழுத்து ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் விரலால நகத்திட்டே போகணும். அலுப்புப் பிடிச்ச வேலை. சோபால உக்காந்து பண்ணுங்க, படகுல இல்ல.

மார்ச் 9, காலை 9.15

படகுல ஏன் இல்லைன்னா: தண்ணி தெறிக்கும். தெறிச்ச சொட்டு போன் திரைமேல விழுந்தா அதையும் விரல்னு எடுத்துக்கும். நீங்க வலது பக்கம் பாத்துட்டு இருக்கும்போது சார்ட் தானா ஜூம் அவுட் ஆகி ஹவாய் வரைக்கும் காட்டும். ஈரக் கையால திருப்பி இழுத்தா இன்னும் மோசம். வெயில்ல வச்சா பத்து நிமிஷத்துல வெளிச்சம் குறையும், அப்புறம் சூடாயிடுச்சுன்னு சொல்லி அணைஞ்சுக்கும். இதெல்லாம் விடற காத்துல, ஒரு கையில டில்லரை (சுக்கான் பிடி) பிடிச்சுக்கிட்டு. உறையில போடுங்க, நிழல்ல வைங்க, ரெண்டாவது போன் ஒண்ணு உள்ள இருக்கட்டும்.

மார்ச் 9, இரவு 8.40

வேற ஒருத்தர் பழைய புத்தகக் கடையில 1970கள்ல வந்த சார்ட் ஒண்ணு ஆறு டாலருக்குக் கிடைச்சதாப் படம் போட்டிருக்கார். அழகு. சட்டம் போட்டு மாட்டுங்க. படகுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ரெண்டு காரணம்.

அந்தக் காலத்து சார்ட் என்.ஏ.டி 27ங்கற, அட்சரேகை தீர்க்கரேகை குறிக்கற பழைய அடிப்படையில வரைஞ்சது. உங்க ஜி.பி.எஸ் வேற அடிப்படை. இந்தப் பக்கத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 90 மீட்டர், பெரும்பாலும் கிழக்கு மேற்கா. ஜி.பி.எஸ் நம்பரை அந்தத் தாள்ல குறிச்சா மிதவைக்குத் தப்பான பக்கத்துல இருப்பீங்க.

ரெண்டாவது உங்க வீட்டு வாசல்லயே இருக்கு. எஸ்சுவரி வாயிலைத் தாண்டினதும் வடக்கே மிடில் ஹார்பர்னு அகலமா, அமைதியா, படகு நிறுத்த வான்னு கூப்பிடற மாதிரி ஒரு தண்ணி. பழைய சார்ட்ல அது கடற்படைத் துறை, நல்ல ஆழம். ஓக்லண்ட் கால்வாயை 50 அடிக்குத் தோண்டினப்போ வந்த மண்ணை அங்கதான் கொண்டுபோய்க் கொட்டினாங்க, மீனுக்கும் பறவைக்கும் ஆழமில்லாத இடம் உண்டாக்கணும்னு வேணும்னேதான். இப்பப் பறவை நிக்கும். புது ஈ.என்.சி-ல பாருங்க, தெரியும்.

மார்ச் 11, காலை 7.10

நிறம், நட்சத்திரம், ஆழம்னு எழுதி எழுதி, கீல் தட்டாத ஆழம் இருந்தா பத்திரம்ங்கற மாதிரி ஒரு அபிப்பிராயம் உண்டாயிடுச்சோன்னு தோணுது. கோல்டன் கேட்டுக்கு வெளிய அது செல்லாது.

2012 ஏப்ரல் 14, ஃபாரலோன் தீவுப் பந்தயம். லோ ஸ்பீட் சேஸ்ங்கற படகு, எட்டுப் பேர். தீவைச் சுத்தும்போது ஒரு ஆழம் குறைஞ்ச இடத்துக்கு மேல குறுக்கே போனாங்க. ஆழம் குறைச்சல்னா 28 அடி. எந்தப் பாய்ப்படகு கீலும் தட்டாது. ஆனா பெருங்கடல்ல இருந்து வர்ற பெரிய அலை 28 அடி ஆழத்துல காலை ஊனி நிமிந்து உடையும். உடைஞ்சுது. அஞ்சு பேர் போயிட்டாங்க. அந்த இடத்துல அலை உடையும்னு எதிர்பாத்திருக்கணும், அந்தப் பாதைதான் முக்கியக் காரணம்னு யு.எஸ். செய்லிங் (அமெரிக்கப் பாய்ப்படகு விளையாட்டு அமைப்பு) அமைச்ச குழு எழுதிச்சு.

கோல்டன் கேட்டுக்கு வெளிய வடக்கே ஃபோர் ஃபாதம் பேங்க்னு ஒரு திட்டு இருக்கு, இங்க பொட்டேட்டோ பேட்ச்னு சொல்வாங்க. பேர்லயே ஆழம்: நாலு ஃபாதம், 24 அடி. விரிகுடா வத்தற தண்ணி நாலு நாட் வேகத்துக்கு மேல வெளிய ஓடும்போது எதிரே மேற்கு அலை வந்தா அங்க கொதிக்கும். சார்ட்ல அது சும்மா இன்னொரு நம்பர். எங்க அலை உடையும், எந்த வழி பத்திரம்ங்கறதெல்லாம் கோஸ்ட் பைலட் புத்தகத்துல எழுத்தா இருக்கும், கலிஃபோர்னியாவுக்கு ஏழாவது தொகுதி. அதுவும் இலவசம். படிக்க வறட்சியா இருக்கும், ஆனா எழுதினவங்க ஒரு வரியும் சும்மா எழுதல.

மார்ச் 11, இரவு 9.30

வடக்கே பெட்டலூமா ஆத்துக்குள்ள போகலாமான்னு ஒருத்தர். போகலாம், அருமையான ஊர், நடு ஊருக்குள்ளயே படகைக் கட்டலாம். ஆனா அந்தக் கால்வாய் சேறு ரொம்பற கால்வாய். 2003ல தோண்டினாங்க, அடுத்த தடவை தோண்டினது 2020ல. நடுவுல பல வருஷம் படகெல்லாம் சேத்துல உக்காந்து எழுந்தது. இந்த மாதிரி இடத்துக்கு சார்ட்டை விட ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸோட அளவைத் தாளே மேல். ஈஹைட்ரோனு தேடுங்க. அவங்க பராமரிக்கற கால்வாயோட அளவையெல்லாம் தேதியோட அங்க இருக்கும். சார்ட்ல ஏறறதுக்கு முன்னாடி அங்க வந்துடும்.

சேறுன்னதும் இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கு. இந்த வடக்கு விரிகுடாவுல இவ்வளவு சேறு எப்படி வந்துது? 1850கள்ல தங்கம் தேடி மலையையே தண்ணிக் குழாய் வச்சு அடிச்சுக் கரைச்சாங்க. கரைஞ்ச மலை ஆறு வழியா இறங்கி சான் பாப்லோ விரிகுடால படிஞ்சுது. 1884ல நீதிமன்றம் தடை போடற வரைக்கும் நடந்துது. 1850கள்ல அளந்த சார்ட்டையும் 1880கள்ல அளந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் எவ்வளவு மண் வந்துதுன்னே பின்னால கணக்குப் போட்டாங்க. அதுக்கப்புறம் அந்த மண் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு வெளிய போகவும் ஆரம்பிச்சுது. இந்த விரிகுடாவோட தரை நின்னு நிதானமா இருந்ததே இல்ல. தேதியைப் பாருங்கன்னு நான் பத்து நாளாக் கத்தறது இதுக்குத்தான்.

மார்ச் 12, மதியம் 1.05

"அப்போ ஆப்ல வர்ற, படகுக்காரங்களே பதிவு பண்ணின ஆழம்?" நல்ல கேள்வி. சில இடத்துல அரசாங்க அளவையை விடப் புதுசு. ஆனா எவன் எந்த ஓதத்துல அளந்தான், அவன் சவுண்டர் கீலுக்குக் கீழ இருந்து கணக்குப் போடுதா தண்ணி மட்டத்துல இருந்தான்னு தெரியாது. ஆப் சரி பண்ணறதாச் சொல்லுது, எவ்வளவு சரியாங்கறதை அதுவும் சொல்லாது. மரீனா வாசல்ல துணைக்கு வச்சுக்கலாம். அதை நம்பிப் புது இடத்துக்குள்ள நுழைய மாட்டேன்.

மார்ச் 13, இரவு 10.00

பேப்பர் பத்தி முதல் நாள் கொஞ்சம் அலட்சியமா எழுதிட்ட மாதிரி இருக்கு, இப்ப யோசிச்சா அபிப்பிராயம் கொஞ்சம் நகந்திருக்கு. ஓட்டும்போது நானும் போனைத்தான் பாக்கறேன். ஆனா எங்க போறதுன்னு முடிவு பண்ணறது பேப்பர்ல. 36 இன்ச் தாளை மேஜைமேல விரிச்சா ஏஞ்சல் தீவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பார்வையில தெரியும். இந்த வழி சரிவரலைன்னா எங்க ஒதுங்கறதுங்கறது கண்ணுல தானாப் படும். ஆறு இன்ச் திரையில அந்தக் கேள்வியே எழாது.

பாய்ப்படகுக்கு அது இன்னும் முக்கியம். மோட்டார் படகுக்காரன் நேர்கோடு போட்டுப் போவான். நாம காத்து எதிர்ல இருந்தா அப்படியும் இப்படியும் வளைஞ்சுதான் போகணும். ஒரு கோடு பத்திரமாங்கறது நமக்குப் போதாது, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு அகலம் பத்திரம்னு தெரியணும். நான் பென்சில்ல இந்தப் பக்கம் இதுக்கு மேல போகாதேன்னு ரெண்டு ஓரமும் கோடு போட்டு வச்சுக்கறேன், நடுக்கோடு போடறதே இல்ல. திசைகாட்டிக்கு இங்க கிழக்கு 13 டிகிரி வித்தியாசம், அதையும் ஓரத்துல பெருசா எழுதி வச்சுடறது.

கிளப் பெரியவர் சொல்றதுல நான் முக்கால்வாசி அவர் பக்கம்.

மார்ச் 15, காலை 8.25

கேள்வி கேட்டவருக்கு: சனிக்கிழமை அலமீடால இருந்து ஏஞ்சல் தீவு அயாலா கோவ் போறேன்னு எழுதியிருக்கீங்க. ஈ.என்.சி இந்த வாரத்துக்கானதை இறக்குங்க. கடலோரக் காவல் படையோட அறிவிப்புல மிதவை ஏதாவது அணைஞ்சிருக்கா, நகந்திருக்கான்னு பாருங்க. நீரோட்ட அட்டவணை பாக்காம ரக்கூன் ஜலசந்திப் பக்கம் போகாதீங்க, எதிர்ல ஓடினா உங்க படகு நின்ன இடத்துல பாய் விரிச்சுட்டு நிக்கும். மத்தியானம் காத்து ஏறும், திரும்பி வர்றது காத்தோட, அது சுகம்.

பிரிண்ட் எங்க போடறதுன்னு கேட்டது: வீட்டு பிளான் அச்சடிக்கற எந்தக் கடையும் 24க்கு 36 போடும். பக்கத்துக்குப் பொருத்துன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, நூறு சதவீதத்துல போடணும், இல்லைன்னா ஸ்கேல் கெட்டுடும். லேமினேட் பண்ணித் தரட்டுமான்னு கேப்பாங்க. வேண்டாம், பென்சில் எழுதாது. ஜிப் வச்ச பெரிய பிளாஸ்டிக் பை போதும்.